சொந்த வீட்டுக் கதவைத் தட்டியவர்

‘இல்லை’ என்ற வார்த்தையை ஒரே ஒரு தடவை மட்டும் சொல்லி ஒரு மனிதர் ஆயுளை ஓட்டியிருக்கிறார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் நம்புவேன். அந்த ஒரு தடவை நான் பக்கத்தில் இருந்தேன்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் உய் முசியே. உய் என்றால் பிரெஞ்சில் ஆமாம், முசியே என்றால் ஐயா. இந்த இரண்டு வார்த்தையையும், மாமனாரிடம் கேட்டுப் பிடித்த சில பட்டாளத்து அதட்டல்களையும் தவிர அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எதற்கும் முதலில் ‘உய் முசியே’ என்றுதான் வாயைத் திறப்பார். “யோவ், போன ஜென்மத்துல நீ கழுதையாத்தான பொறந்த?” என்று ஒருவன் வம்புக்கு இழுத்தபோது, “உய் முசியே, ஒங்க வூட்டு அழுக்குதான் சொமந்தேன். இன்னும் முதுகு வலி போவல” என்றார். வம்புக்கு இழுத்தவன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் ரிங் பிரேம் பிரிவில், அதாவது நூல் நூற்கிற எந்திரத்தில், அவருக்கு வேலை. அதே மில்லில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதுவது என் உத்தியோகம். அவருடைய உண்மைப் பெயரைத் தினமும் எழுதியவன் நான். இப்போது எவ்வளவு யோசித்தாலும் அது ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது.

பகலில் குமாஸ்தாவாக இருந்த நான் சாயங்காலங்களில் நகைச்சுவை நடிகன். மில் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய நாடகக் குழு ஒன்று எங்களிடம் இருந்தது. “ரெண்டு வேலையிலயும் ஒங்களப் பாத்து யாரும் சிரிச்சதில்ல” என்பாள் என் மனைவி. அது அபாண்டம். குமாஸ்தா வேலையில் சிரித்திருக்கிறார்கள்.

நானும் சும்மா இருந்துவிடவில்லை. வாரப் பத்திரிகைகளில் வரும் துணுக்குகளை வெட்டி ஒட்டி மூன்று நோட்டு வைத்திருந்தேன். டாக்டர் ஜோக்குக்கு ஒன்று, மாமியார் ஜோக்குக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று. நாடகத்துக்கு முந்தின நாள் மூன்றையும் மனப்பாடம் செய்வேன். உய் முசியே எதையும் மனப்பாடம் செய்ய மாட்டார். செய்யவும் வராது. ஒரு வசனம் கொடுத்தால் அதை வீட்டிலேயே மறந்துவிட்டு வரக்கூடிய ஆள். அதனால் எங்கள் நாடக ஆசிரியர், பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்த புலவர், அவருக்குப் பேச்சே இல்லாத வேஷமாகப் பார்த்துத்தான் கொடுப்பார்.

இப்படித்தான் ஒரு ஜமீன்தார் நாடகம். நான் ஜமீன்தார். அவர் வேலைக்காரன். நான் “என் குடை எங்கே?” என்று கேட்க வேண்டும். அவர் குடையை நீட்டிவிட்டுப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் பாத்திரம். அதற்கு முந்தின வாரம் நாங்கள் போட்டது ராஜா நாடகம். அந்த ஞாபகம் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ, நான் கம்பீரமாக உலாவி வந்து, “என் குதிரை எங்கே?” என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

ஓரத்தில் நின்ற புலவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு எவனாக இருந்தாலும் பேசாமல் குடையை நீட்டியிருப்பான். உய் முசியே குடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“மாடியில கட்டியிருக்கேன் முசியே.”

எனக்கு வியர்த்துவிட்டது. “மாடியிலா? ஏன்?”

“நீங்கதான நேத்து மல்லாட்டக் கொட்டயக் காட்டிக் காட்டி மேல கூப்ட்டீங்க. அது வந்துடுச்சி. எறங்கத்தான் தெரியல.”

கொட்டகை குலுங்கியது. கடன்காரனாக வந்த வில்லனுக்கு இந்தக் குதிரை விவகாரம் எதுவும் தெரியாது. எழுதியிருந்தபடி, “இந்த வீட்டில் உள்ளதெல்லாம் இனி எனக்குத்தான் சொந்தம்” என்று மீசையை முறுக்கினான். “உய் முசியே. மொதல்ல அத எறக்குங்க” என்று அவனைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் தள்ளினார் இவர். வில்லன் உள்ளே போனவன் திரும்பி மேடைக்கு வரவே இல்லை.

திரை விழுந்ததும் புலவர் கையெழுத்துப் பிரதியோடு பாய்ந்து வந்தார். “ஐயா, என் நாடகத்தில் குதிரை எங்கே இருக்கிறது, காட்டும் பார்க்கலாம்.”

உய் முசியே பணிவாக, “மாடியில” என்றார்.

இதெல்லாம் நடக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு என்ற ஒன்று வராது. பல்லைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கோ வயிறு எரியும். மூன்று நோட்டு மனப்பாடம் செய்தவனுக்குக் கிடைக்காத சிரிப்பு, ஒரு குடையைக் கொடுக்க வந்தவனுக்கு எப்படிக் கிடைக்கிறது? இவர் இதை எங்கே கற்றார், எங்கே பழகிப் பார்க்கிறார்? அந்த வயிற்றெரிச்சல் கொஞ்ச நாளில் ஆராய்ச்சியாக மாறிவிட்டது. லீவு நாட்களில் அவர் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம் கையில் மாலையோடு காத்துக்கொண்டிருந்தது. சைகோனுக்குப் போய் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து காரைக்காலில் குடியேறிய ஒன்றுவிட்ட மாமா, கல்யாணப் பேச்சுக்காக வருகிறாராம். யாருக்கும் அவர் முகம் ஞாபகமில்லை. அதில் ஒருவர் உய் முசியேவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்கதான காரைக்கால் மாமா?” என்று கேட்டார்.

நான் டீயை விழுங்குவதற்குள் “உய்” என்று சொல்லிவிட்டார். கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. மாமாவின் சிநேகிதர் என்ற முறையில் என்னையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டார்கள்.

முத்தியால்பேட்டையில் வீடு. கல்யாணத்தைப் பெண் வீட்டில் வைப்பதா, மாப்பிள்ளை வீட்டில் வைப்பதா என்று இரண்டு தரப்புக்கும் ஒரு மாதமாகச் சண்டை. இவர் பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் கேட்பதைப் பார்த்தால் சொல்கிறவருக்கே தன் கட்சி பாதி தப்பு என்று தோன்றிவிடும். கடைசியில், “தாலி இங்க கட்டட்டும். சாப்பாடு அங்க போடட்டும். ரெண்டு வூட்டுக்கும் நடுவுல நடக்கறதுதான் ஊர்வலம்” என்றார். இரு தரப்பும் இதை எதிர்க்க ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

இலை போடுகிற நேரத்தில் வாசலில் டிரங்குப் பெட்டியோடு ஒருவர் வந்து நின்றார். உண்மையான காரைக்கால் மாமா. கொல்லைப்புறம் எந்தப் பக்கம் என்று நான் கண்ணால் தேடினேன். உய் முசியே எழுந்து போய் அவரை இறுகக் கட்டிக்கொண்டார்.

“வாடா தம்பி. ஏன் இவ்ளோ நேரம்?”

அந்த மனிதர் இரண்டு நிமிஷம் விழித்தார். பிறகு, “பஸ்ஸு வழியில நின்னுப்போச்சிண்ணே” என்றார்.

“சரி சரி, கை கழுவிட்டு வா. பேச்செல்லாம் முடிஞ்சிது. நீ கல்யாண வேலையப் பாரு.”

நாங்கள் கிளம்பும்போது தெருமுனை வரை வந்து வழியனுப்பியவர் அந்த உண்மையான மாமாதான். “அடிக்கடி வாங்கண்ணே” என்று வேறு சொன்னார்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். “மாட்டிக்கிட்டிருந்தா என்னய்யா ஆவறது?”

“மாட்டிக்க என்னா இருக்குது ஆபீசரே?” டைம் ஆபீஸில் இருந்ததால் அவருக்கு நான் ஆபீசர். “அவங்க ஒண்ண நம்ம கையில குடுத்தாங்க. கீழ போடாம வாங்கிக்கிட்டேன். அப்பால அந்தாளு வந்தாரு. அவுரு கையில நான் ஒண்ணு குடுத்தேன். அவரும் கீழ போடல. அவ்ளோதான் இந்த வெளாட்டு.”

அதற்குப் பிறகு நான் நாற்பது வருஷம் மேடையில் நின்றுவிட்டேன். நகைச்சுவையைப் பற்றிப் பெரியவர்கள் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொல்லவில்லை. மேடையில் எதிரே நிற்பவர் பேசும்போது நான் என்னுடைய அடுத்த வசனத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பேன். அவர் எதிராளி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எங்களுக்குள் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான் என்று எனக்குப் புரியவே பல வருஷம் பிடித்தது.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. தினமும் ஷிப்ட் முடிந்ததும் என் ஜன்னலுக்கு வந்து, “இன்னிக்கி ஆபீசுக்கு யாரு வந்தாங்க?” என்று கேட்பார். வெளியாள் யாராவது வந்திருந்தால் விடமாட்டார். செருப்பை எங்கே கழற்றினார், எச்சில் தொட்டுத் தாள் புரட்டினாரா, இருமிவிட்டுப் பேசினாரா, பேசிவிட்டு இருமினாரா என்று குடைந்து எடுப்பார். பிறகு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போவார். சட்டையை மாற்றுவார். தலையை வேறு மாதிரி வாரிக்கொள்வார். காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டோ, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டோ கிளம்பிவிடுவார்.

நாடகமே இல்லாத நாளில் இந்த மனிதர் வேஷம் கட்டிக்கொண்டு எங்கே போகிறார்? எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. எங்கேயோ சின்ன வீடு வைத்திருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று மாறுவேஷம். எனக்கு இரண்டு மடங்கு உற்சாகமாகிவிட்டது.

ஒரு நாள் மில்லுக்கு ஓர் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் வந்திருந்தார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுகிறவர். உய் முசியே அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மூன்று மணிக்குக் கண்ணாடி சகிதம், ரெக்சின் பையோடு சைக்கிளில் ஏறினார். கொஞ்ச தூரம் விட்டு நானும் என் சைக்கிளை மிதித்தேன்.

உழவர்கரைப் பக்கம் ஒரு சந்தில் போய் இறங்கினார். அது எனக்குத் தெரிந்த சந்து. அவருடைய சொந்த வீடு இருக்கிற சந்து. எதிரே ஒரு முருங்கை மரம் இருந்தது. நான் அதன் பின்னால் ஒளிந்தேன். முருங்கை மரத்துக்குப் பின்னால் என் உடம்பில் கால்வாசிதான் ஒளியும்.

உய் முசியே தன் வீட்டுக் கதவைத் தானே மரியாதையாகத் தட்டினார். அவர் மனைவி லூர்தம்மா கதவைத் திறந்தார்.

“யாருங்க?”

“ஆயுள் காப்பீடுங்கம்மா. சார் இருக்காருங்களா?” கண்ணாடி மேலே போனது.

“இல்லீங்களே. மில்லுக்குப் போனவரு இன்னும் வரல. வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வந்து ஒக்காருங்க.”

அந்தம்மாள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து பையைத் திறந்தார். வாசல் திறந்தே இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

“சாருக்கு ஒடம்பு எப்படிங்க? நோய் நொடி எதாவது?”

“ஒடம்புக்கு என்னா, கல்லு மாரி இருக்காரு. நெஞ்சுக்குள்ளதான் ஒண்ணும் கெடையாது. அதுக்குத் தனியா பாலிசி இருக்குதுங்களா?”

“விசாரிச்சி சொல்றேங்கம்மா.”

“நல்லா விசாரிங்க. கட்டிலுக்கு மேல ஓடு ஒடஞ்சி மூணு மழ ஆச்சி. நானு பாத்திரத்த வச்சிப் புடிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“சார் வந்தா நான் வேணா சொல்லட்டுங்களா?”

“நீங்க எதுக்கு சொல்லணும்? மனசுல வச்சிக்குங்க, போதும்.”

அரை மணி நேரம் பேசினார்கள். அரிசியில் கல், சந்துக் குழாயில் சண்டை, ராத்திரி அவர் விடும் குறட்டை என்று அந்தம்மாள் அவரைப் பற்றி அவரிடமே கொட்டித் தீர்த்தார். ஏஜென்ட் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். சந்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கொல்லைக் கதவு வழியாக வீட்டுக்காரராக உள்ளே நுழைந்தார்.

லூர்தம்மா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். ஒரு வார்த்தை இல்லை. அவர் குடித்தார். ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் கலகலவென்றிருந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஓடு மாற்றியிருக்கிறார். அதற்கு அடுத்த நாள் சைக்கிள் ஸ்டாண்டில் அவரைப் பிடித்து, பின்னால் வந்து பார்த்ததை ஒப்புக்கொண்டேன்.

“தெரியும். மரத்துக்கு ரெண்டு பக்கமும் சட்ட தெரிஞ்சிது” என்றார்.

“என்னய்யா இதெல்லாம்? வீட்ல ஒன்னோட பேசறதில்லயா?”

“சொல்தா விசயம்தான்” என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நானும் அந்த விஷயத்தில் ஒரு கை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். லூர்தம்மாவின் அப்பா ஒரு சொல்தா. இந்தோசீனாவில் காலில் குண்டு வாங்கியவர். காலையில் சந்தில் நின்று கோழிகளுக்கு டிரில் கொடுப்பார். “கார்தவூ” என்றால் கோழிகள் அசையாமல் நிற்க வேண்டும். நிற்காது. அவரும் விடமாட்டார். வருஷத்தில் ஒரு நாள், ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளன்று, கோட்டுப் போட்டு மெடல்களைக் குத்திக்கொண்டு, கடற்கரையில் இருக்கிற போர் நினைவுச் சின்னத்துக்கு மற்ற சொல்தாக்களோடு நொண்டி நொண்டி அணிவகுத்துப் போவார். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் மெடலைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு வருஷம் பொங்கலுக்கு அவர்கள் தெருப்பக்கமே எங்கள் நாடகம். சொல்தாவுக்கு முன் வரிசையில் நாற்காலி. கௌரவத்துக்காகக் கோட்டும் மெடலுமாக வந்து உட்கார்ந்திருந்தார். கதாநாயகனுக்கு ஒப்பனை முடியவில்லை. பத்து நிமிஷம் சமாளியுங்கள் என்று உய் முசியேவை மேடைக்கு அனுப்பினார்கள். யார் எதைக் கேட்டாலும் செய்வார் என்று ஊருக்கே தெரியும். ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். அப்போது எங்கிருந்தோ ஒரு குரல், “சொல்தாவைப் போடு” என்றது.

அவர் முன் வரிசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு “உய் முசியே” என்றார்.

அவர் செய்த வேஷங்களிலேயே அதுதான் மிகச் சிறந்தது. அந்த நொண்டல், அந்த மீசை தடவல், “ஆனவான் மார்ஷ்”, அதாவது முன்னால் நட, என்று கோழிக்குக் கொடுத்த அதட்டல். நானே மேடைக்கு ஓடிப்போய்க் கோழியாக உட்கார்ந்தேன். ஜனங்கள் நாற்காலியில் இருந்து விழுந்தார்கள். சொல்தா கடைசி வரைக்கும் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் எழுந்தார். மெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்த வருஷம் ஜூலை பதினாலுக்கு அவர் போகவில்லை. லூர்தம்மா கோட்டைத் தேய்த்து வைத்துக்கொண்டு எவ்வளவோ கூப்பிட்டும், “போதும்மா, எல்லாரும் பாத்துட்டாங்க” என்றாராம். மழைக்காலத்தில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த அன்று லூர்தம்மா மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துச் சத்தியம் செய்துவிட்டார். “இந்த ஒலகத்துல யாரோட வேணா பேசுவேன். அந்த ஆளோட மட்டும் இனிமே பேச மாட்டேன்.”

“யாரோட வேணா பேசுவேன்னு சொல்லிச்சில்ல?” என்றார் உய் முசியே, சைக்கிளைத் துடைத்துக்கொண்டே. “அத நான் கீழ போடல. புடிச்சிக்கிட்டேன். மூணு வருசமா யாரா வேணா போறேன்.”

“அவங்களுக்கு நீதான்னு தெரியுமா?”

“ஏன்யா, பத்து வருசம் குடித்தனம் பண்ண பொம்பள. ஒரு பென்சில காதுல சொருவுனா புருசன அடையாளம் தெரியாமப் பூடுமா? மொத நாளே தெரியும். அதும் கீழ போடல.”

மூன்று வருஷமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. “முசியே, அன்னிக்கி ‘சொல்தாவைப் போடு’ன்னு கத்துனது...”

“நீதான். திரைக்குப் பின்னால நின்னு கத்துன. ஒங் கொரலு எனக்குத் தெரியாதா?” அவர் முகத்தில் கோபம் இல்லை. “நீ குடுத்த. வாங்கனது நானு. கீழ போட வேண்டியதும் ஒண்ணு ரெண்டு இருக்குதுன்னு அதுக்கப்புறம்தான் தெரிஞ்சிது.”

இந்தப் பேச்சு நடந்த சில மாதங்களில் மில் ஆண்டுவிழா வந்தது. கூட்டத்தில் யாரோ பழைய ஞாபகத்தில் மறுபடியும் “சொல்தாவைப் போடு” என்று கத்தினார்கள். இந்தத் தடவை சத்தியமாக நான் இல்லை. உய் முசியே மேடையின் நடுவில் நின்று, “இல்ல” என்றார். அதைச் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் உடைந்து வந்தது. இறங்கிப் போய்விட்டார்.

சைக்கிள் ஸ்டாண்டில் பேசிய அன்றிலிருந்தே எனக்கு ஒரு புதிய உத்தியோகம். உய் முசியே ஒரு ஆளாக ஒரு தடவைதான் வீட்டுக்குப் போவார். “ரெண்டாவது வாட்டி போனா பொய்யாப் பூடும்” என்பார். மூன்று வருஷத்தில் ஊரில் இருந்த ஆட்களில் முக்கால்வாசியைத் தீர்த்துவிட்டார். ஆள் தீர்ந்தால் வீட்டில் பேச்சும் தீர்ந்துவிடும். ஆகவே நான் ஊர் ஊராக ஆள் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கனகசெட்டிக்குளம் போய் ஒரு கருவாட்டு வியாபாரியின் பேச்சைக் கேட்டு வந்தேன். எங்கள் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருந்து சோப்பு விற்க வருகிறவரை டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பார்த்தேன். நகைச்சுவை நோட்டு மூன்றும் பரணுக்குப் போய்விட்டன. ஆட்களை உற்றுப் பார்க்கிற பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது. இன்று என்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றால் அந்தக் கருவாட்டு வியாபாரிக்கும் அதில் பங்கு உண்டு.

மறுநாள் வந்து அவர் விவரம் சொல்வார். நாய் பிடிக்கிறவராகப் போனபோது லூர்தம்மா, “எங்க வூட்ல ஒண்ணு இருக்குதுங்க. பகல்ல மில்லுக்குப் போயிடும், சாயங்காலமா வாங்க” என்றாராம். ஜாதகம் பார்க்கிறவராகப் போனபோது, “நாங்க வேதக்காரங்க, ஜாதகம் கெடையாது. ஆனா ஒக்காருங்க, சனி எந்த வூட்ல இருக்குதுன்னு நானே ஒங்களுக்கு சொல்றேன்” என்றாராம். இதையெல்லாம் சொல்லும்போதும் அவர் சிரிப்பதில்லை. ஆனால் நடையில் ஒரு துள்ளல் இருக்கும். ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். எந்த ஆளாகப் போனாலும் சொல்தா பேச்சை இருவரும் எடுப்பதில்லை. சோப்பு வியாபாரி எப்படி அதற்கு மன்னிப்புக் கேட்க முடியும்? அதை அவராகத்தான் கேட்க வேண்டும். அவராகப் போனால் அந்தம்மாள் பேச மாட்டார்.

ஒரு நாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில், எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். நாலு நாளாகக் காய்ச்சலோடு வேலைக்கு வந்திருக்கிறார். மில் டாக்டர் ஊசி போட்டு, பத்து நாள் படுக்க வேண்டும் என்று அனுப்பினார். நான் அவரை ரிக்‌ஷாவில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். உடம்பு தணலாகக் கொதித்தது.

“இன்னிக்கி யாரா போறது ஆபீசரே?”

“யாராவும் வேணாம். பேசாம படு.”

“யோசிச்சிப் பாக்கறேன், ஒரு ஆளும் வர மாட்டேங்குது.”

“நீயாவே போயேன்யா. ஒடம்பு சரியில்லாதப்போகூடவா பேச மாட்டாங்க?”

“மாதா மேல சத்தியம். நான் செத்தாக்கூட அது சத்தம் போடாமத்தான் அழும்.” கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் மாதிரி குரலை மாற்றிப் பார்த்தார். இருமல்தான் வந்தது. “அது வாசல்ல காத்துக்கிட்டிருக்கும், இன்னிக்கி யாரு வருவாங்கன்னு” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கதவை நான்தான் தட்டினேன். லூர்தம்மா திறந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு உய் முசியே நின்றார். வாயைத் திறந்தார். அந்த வாயில் ஒரு ஆளும் வரவில்லை. மூன்று வருஷத்துக்கும் மேலாக யார் யாராகவோ வந்து நின்ற வாசலில், மில் சட்டையோடு, தலையில் பஞ்சோடு, அவராகவே நின்றார்.

லூர்தம்மாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கதவை உடைக்கத்தான் கையை ஓங்கினேன். “வுடு” என்று உய் முசியே என் கையைப் பிடித்தார்.

கதவு மறுபடியும் திறந்தது. லூர்தம்மா புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். தோளில் ஒரு துண்டு. கன்னத்துக்குள் வெற்றிலை. ஒரு கை இடுப்பில். குரல் அவருடைய குரல் இல்லை. சந்தையில் மீன் கூவுகிறவர்களின் கட்டைக்குரல்.

“யாருப்பா அது, அந்தம்மா இல்லாத நேரத்துல கதவ இடிக்கறது? நானு பக்கத்து வூடு. அவங்க வெளிய போயிருக்காங்க. வூட்டுக்காரரு ஒடம்பு சரியில்லாம வந்தா பாத்துக்கக்கான்னு சொல்லிட்டுப் போனாங்க. நீதானா அந்த வூட்டுக்காரரு?”

உய் முசியே சிரித்தார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“உய்” என்றார்.

“அப்ப வந்து படு. காத்துல நிக்காத.”

கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்தோம். அந்தம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் துணியை நனைத்துப் போட்டார். உய் முசியே அந்தக் கையை விடவில்லை.

“அந்தம்மா எப்ப வருவாங்க?” என்று கேட்டார்.

“அது எனக்குத் தெரியாதுப்பா.”

“வந்தா ஒண்ணு சொல்லணும். அவங்க அப்பாவ நான் மேடையில வச்சி பண்ணது தப்பு. அவுரு மெடலக் கழட்டனத நானும் பாத்தேன். பாத்துக்கிட்டே ஆடிக்கிட்டிருந்தேன். கைதட்டல வுட மனசு வரல. அத அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

லூர்தம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். பிறகு அதே கட்டைக்குரலில், “சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். மூக்கைச் சிந்துகிற சத்தம் ஒரு தடவை கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு திரும்பி வந்தார்.

“சொல்லிட்டேன்.”

“என்னா சொன்னாங்க?”

“கஞ்சி ஆறிடும், குடிக்கச் சொன்னாங்க.”

லூர்தம்மா தன் சத்தியத்தை மீறவே இல்லை. அன்று முதல் கடைசி வரைக்கும் அந்த வீட்டில் அவர் பக்கத்து வீட்டுக்காரியாகவே குடித்தனம் நடத்தினார். அன்று எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் உய் முசியே அந்தக் கஞ்சியை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து முடிக்கும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன். எவ்வளவோ கைதட்டல் கேட்டுவிட்டேன், அந்தச் சத்தத்தைப் போல எனக்குப் பிடித்தது வேறு ஒன்று இல்லை.